ஜாஸ் வாசிக்கிறவங்க எல்லாம் எங்கேர்ந்து வர்றாங்க, எப்படிப் பொழைக்கிறாங்க?

ராத்திரி_கீபோர்டு:

மக்களே வணக்கம். ரொம்ப நாளா மனசுல ஓடிட்டிருக்கிற கேள்வி, இங்க விஷயம் தெரிஞ்சவங்க இருப்பீங்கன்னு கேக்கறேன். நான் ஐடி வேலை, சின்ன வயசுல கொஞ்சம் கிளாஸிக்கல் பியானோ கத்துக்கிட்டு கிரேடு எக்ஸாம் எல்லாம் எழுதி அப்புறம் படிப்பு படிப்புன்னு விட்டாச்சு, இப்ப கொஞ்ச வருஷமா ஜாஸ் பைத்தியம் முத்திப் போயிருக்கு.

இந்த ஆளுங்க எப்படி உருவாகறாங்கன்னு பாத்தா ரெண்டே கதை தான் கண்ல படுது. ஒண்ணு, வறுமைல பொறந்து தானா கத்துக்கிட்டு உலகத்தையே கலக்கிட்டு போதைல சின்ன வயசுலயே போய்ச் சேந்துட்டார். இன்னொண்ணு இப்ப இருக்கிறவங்க, யாரைப் பாத்தாலும் பெர்க்லீ, ஜூலியார்ட்னு பெரிய மியூசிக் காலேஜ், அப்பா மியூசிக் வாத்தியார். இதுல எது நிஜம்? நிஜமாவே கச்சேரி பண்ணி மட்டும் சாப்பிட முடியுமா, இல்ல எல்லாரும் பின்னாடி வேற ஏதாவது வேலை பாத்தாங்களா? எங்க குடும்பத்துல யாரும் மியூசிஷியன் கிடையாது, அதனால தான் கேக்கறேன். அட்வைஸ் வேண்டாம், ஆளுங்க கதையா சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய_ரெக்கார்டு:

நீங்க சொன்ன ரெண்டு கதையும் உண்மை தான், ஆனா ரெண்டையும் கூட்டினாலும் பாதி பேர் கூட அதுல அடங்க மாட்டாங்க.

வறுமைக் கதைன்னா லூயி ஆர்ம்ஸ்ட்ராங் தான். 1901ல நியூ ஆர்லியன்ஸ்ல பொறந்தவர், சின்னப் பையனா நிலக்கரி வண்டில வேலை பாத்தவர். 1912 கடைசில புது வருஷ ராத்திரி ஆகாசத்தைப் பாத்து துப்பாக்கியால சுட்டார்னு போலீஸ் புடிச்சு சிறுவர் இல்லத்துல போட்டுட்டாங்க. ஆனா பாருங்க, அந்த இல்லத்துல ஒரு பேண்ட் இருந்துச்சு, பீட்டர் டேவிஸ்னு ஒரு வாத்தியார் இருந்தார், கார்னெட் (ட்ரம்பெட் மாதிரி ஒரு குழல்) ஒழுங்கா வாசிக்கக் கத்துக்கிட்டது அங்க தான். அப்புறம் மிஸிஸிப்பி நதில ஓடுற கப்பல்ல ஃபேட் மாரபிள் பேண்டு, நோட்டு பாத்து வாசிக்கிற பழக்கம் அங்க தேறுச்சு. 1922ல கிங் ஆலிவர் சிகாகோவுக்குக் கூப்பிட்டார். அதனால "தானா கத்துக்கிட்டார்"னு சொல்றதை நான் ஒத்துக்கவே மாட்டேன், படிக்கு ஒரு வாத்தியார் இருந்திருக்கார், அவங்க காலேஜ்ல இல்ல அவ்ளோ தான்.

இப்ப நேர் எதிரா ட்ரம்பெட் வாசிச்ச மைல்ஸ் டேவிஸ். அப்பா பல் டாக்டர், வசதியான குடும்பம். 1944ல நியூ யார்க் போனது ஜூலியார்ட்ல சேர, செலவுக்குப் பணம் வீட்லேர்ந்து வரும். பகல்ல கிளாஸ், ராத்திரி சாக்ஸ் வாசிக்கிற சார்லி பார்க்கர் எங்கன்னு தேடிக்கிட்டு கிளப் கிளப்பா அலைச்சல், கொஞ்ச நாள்ல ஜூலியார்ட விட்டுட்டு பார்க்கர் பேண்டுலயே சேந்துட்டார். பார்க்கர் யாரு? கான்சாஸ் சிட்டில ஸ்கூலைப் பாதில விட்ட பையன், நியூ யார்க் வந்த புதுசுல ஹார்லெம்ல ஒரு சிக்கன் கடைல பாத்திரம் கழுவினவர், அந்தக் கடைல பியானோ வாசிச்சது ஆர்ட் டேட்டம்ங்கறது தான் விசேஷம். ஆக பல் டாக்டர் பையனும் பாத்திரம் கழுவின பையனும் ஒரே மேடைல பக்கத்துல பக்கத்துல நின்னாங்க.

டியூக் எலிங்டன் இன்னொரு ரகம். வாஷிங்டன்ல பொறந்தவர், அப்பா பெரிய வீடுகள்ல பட்லர். படம் நல்லா வரைவார், ஆர்ட் காலேஜ் ஸ்காலர்ஷிப் வந்தும் போகலை. போர்டு எழுதற பிசினஸ் வெச்சிருந்தார், டான்ஸுக்கு போர்டு எழுதணும்னு யாராவது வந்தா "மியூசிக்குக்கு யாரைப் போட்டிருக்கீங்க"ன்னு கேட்டு தன் பேண்டையே தள்ளி விடுவாராம், மியூசிக்குக்கு வந்தவங்க கிட்ட போர்டு பத்திக் கேப்பாராம். ஐம்பது வருஷத்துக்குப் பக்கமா ஒரு பெரிய பேண்டைக் கட்டி மேச்ச ஆளுக்கு இந்த வியாபார புத்தி இல்லாம முடியுமா சொல்லுங்க.

ஹெர்பி ஹான்காக் 11 வயசுல சிகாகோ சிம்ஃபனியோட மோட்ஸார்ட் வாசிச்சவர், காலேஜ் போனப்ப முதல்ல எடுத்தது எலக்ட்ரிகல் எஞ்சினியரிங், நடுவுல தான் மியூசிக்குக்கு மாறினார்.

என் கணக்குல குடும்பத்துல காசு இருந்துச்சா இல்லையாங்கறது பெரிய விஷயமே இல்ல. பக்கத்துல நின்னு பாக்கற தூரத்துல ஒரு பெரிய வாசிப்பாளி இருந்தாரா, அவர் பக்கத்துல சின்னப் பசங்களை நிக்க விடற மாதிரி ஒரு இடம் இருந்துச்சா, இதான் கேள்வி. நியூ ஆர்லியன்ஸ், கான்சாஸ் சிட்டி, டெட்ராய்ட், ஃபிலடெல்ஃபியான்னு ஒரே ஊர்லேர்ந்து கூட்டம் கூட்டமா வந்தது அதனால தான்.

சும்மா_கேட்டேன்:

டெட்ராய்ட் பத்தி ஒரு வரி சேத்துக்கறேன், அங்க காஸ் டெக்னிகல் ஹைஸ்கூல்னு கவர்மெண்ட் ஸ்கூல், ரான் கார்ட்டர், டொனால்ட் பேர்ட், பால் சேம்பர்ஸ் எல்லாம் அங்க படிச்சவங்க. கார்ட்டரும் சேம்பர்ஸும் பேஸ், அதை வாசிக்கிறவங்களுக்கு இந்தப் பேர்களோட கனம் தெரியும். அப்பா பணக்காரரா இல்லைன்னாலும் ஸ்கூல்ல இன்ஸ்ட்ரூமென்ட் குடுத்து வாத்தியாரும் வெச்சா என்ன நடக்கும்ங்கறதுக்கு இது போதும்.

ரைடு_சிம்பல்:

நான் டிரம்ஸ், வாரக் கடைசில கிக் (காசு வாங்கி வாசிக்கிற கச்சேரி) பண்றவன், பகல்ல வேற வேலை. பழைய ரெக்கார்டு அண்ணா சொன்ன "பக்கத்துல நிக்கற" விஷயத்தை உள்ளேர்ந்து சொல்றேன், ஏன்னா வெளிலேர்ந்து பாக்கறவங்களுக்கு இது புரியவே புரியாது.

ஜாம் செஷன்ல என்ன நடக்கும்னா, ஹவுஸ் பேண்டு (அந்தக் கிளப்போட சொந்த பேண்டு) ஒரு செட் முடிச்சதும் பேர் குடுத்தவங்களைக் கூப்பிடுவாங்க. ரிகர்சல் கிடையாது, பக்கத்துல நிக்கற ஆள் யாருன்னே தெரியாது, சாக்ஸ்காரர் பாட்டு பேரைச் சொல்லிட்டு கையைக் கீழ காட்டி மூணு விரல் நீட்டுவார், அப்படின்னா மூணு ஃப்ளாட், ஈ ஃப்ளாட் ஸ்கேல்னு அர்த்தம், விரல் மேல பாத்தா ஷார்ப். கௌன்ட் குடுத்துட்டார்னா போச்சு, ஓடணும். நடுவுல அவர் தன் மண்டையைத் தொட்டுக் காட்டினா முதல் மெலடிக்குத் திரும்பணும், நாலு விரலைக் காட்டினா நாலு பார் (தாளக் கட்டம்) நாலு பாரா மாத்தி மாத்தி டிரம்ஸோட பேசப் போறோம்னு அர்த்தம். இதெல்லாம் எந்தப் புஸ்தகத்தைப் பாத்தும் கைல வராது, மேடைல நின்னு அசிங்கப்பட்டா தான் வரும்.

அசிங்கப்படறதுக்கு பார்க்கர் கதை தான் உச்சம். 1936 வாக்குல கான்சாஸ் சிட்டி ரெனோ கிளப்புல சின்னப் பையனா ஏறி வாசிச்சப்ப நடுவுல எங்க இருக்கோம்னு தெரியாம தொலைஞ்சு போயிட்டார், டிரம்ஸ்ல இருந்தவர் ஜோ ஜோன்ஸ், கவுண்ட் பேஸி பேண்டோட ஜோ ஜோன்ஸ், ஒரு சிம்பலைக் கழட்டி தரையில வீசிட்டார், டமார்னு. அடுத்த கோடைல ஒரு மலைப் பிரதேச ரிசார்ட்ல வேலைக்குப் போயி லெஸ்டர் யங் ரெக்கார்டு எல்லாத்தையும் நோட்டு நோட்டா எடுத்து மனப்பாடம் பண்ணிட்டு வந்தார்னு சொல்வாங்க. அவங்க பாஷைல இதுக்குப் பேரு வுட்ஷெடிங், விறகுக் கொட்டகைல போய் ஒளிஞ்சு சாதகம் பண்றது.

அப்புறம் சைடுமேன் காலம், அதாவது அடுத்தவங்க பேண்டுல வாசிக்கிற காலம். ஜாஸ்ல திடீர்னு லீடர் ஆனவங்க ரொம்பக் கம்மி. சாக்ஸ் வாசிச்ச ஜான் கோல்ட்ரேனை எடுத்துக்கோங்க, நேவி பேண்டு, அப்புறம் டிஸ்ஸி கில்லஸ்பி பேண்டு, நடுவுல ஃபிலடெல்ஃபியா பார்கள்ல ஆர் அண்டு பி வாசிச்சு, குடிக்கிற கவுண்டர் மேல ஏறி நடந்துக்கிட்டே சாக்ஸ் வாசிக்கிற வேலை கூட பாத்திருக்கார் மனுஷன். மைல்ஸ் கூப்பிட்டப்ப வயசு 29, தன் பேர்ல முதல் ஆல்பம் 1957ல, 30 தாண்டி. அதே வருஷம் தான் போதைப் பழக்கத்தால மைல்ஸ் வெளிய அனுப்பி, அதை விட்டு மீண்டு, பியானிஸ்ட் தெலோனியஸ் மங்க் கூட ஃபைவ் ஸ்பாட் கிளப்புல மாசக்கணக்கா வாசிச்சார்.

பெரிய குருகுலம்னா அது டிரம்ஸ் வாசிச்ச ஆர்ட் பிளேக்கியோட ஜாஸ் மெசஞ்சர்ஸ். லீ மார்கன், வெய்ன் ஷார்ட்டர், ஃப்ரெடி ஹப்பர்ட், கீத் ஜாரெட், கடைசி காலத்துல வின்டன் மார்சாலிஸ், எல்லாரும் அந்தப் பேண்டுல இருந்துட்டு வந்தவங்க. 1990ல பிளேக்கி போறவரைக்கும் சின்னப் பசங்களை எடுக்கறது, எழுத வைக்கிறது, தேறினதும் வெளிய அனுப்பறது, இதே வேலை. அந்த மாதிரி வருஷக்கணக்கா ரோட்ல சுத்தற பேண்டு இப்ப குறைஞ்சு போச்சு, அந்த இடத்தை காலேஜ் புடிச்சிருச்சு. நார்த் டெக்சஸ் 1947லயே டிகிரி ஆரம்பிச்சாங்க, போஸ்டன் பெர்க்லீ 1945ல தொடங்கின ஸ்கூல். நல்லதா கெட்டதான்னு கேட்டா எனக்கு ரெண்டு மனசு தான். காலேஜ்லேர்ந்து வர்ற பசங்க எந்த ஸ்கேல்லயும் எந்த டெம்போலயும் பின்றாங்க, ஆனா பாதி பேர் ஒருத்தரே மாதிரி வாசிக்கிறாங்க.

ரெண்டாவது_செட்:

காசு பத்தி யாரும் வாயே தொறக்கலையே, அதானே அவர் கேட்டது.

வெஸ் மான்ட்கோமரி. இன்னிக்கு கிட்டார் கையில எடுக்கற எவனும் அவர் பேரைச் சொல்லாம இருக்க முடியாது. 1950கள்ல இண்டியானாபொலிஸ்ல பகல் பூரா ரேடியோ பார்ட்ஸ் ஃபாக்டரில வேலை, ராத்திரி ஒரு பார்ல கிக், அது முடிஞ்சதும் விடிய விடிய நடக்கற இன்னொரு கிளப்புல கிக், அப்புறம் மறுபடி ஃபாக்டரி. பெரிய குடும்பம், பிள்ளைங்க நிறைய. நோட்டு படிக்கத் தெரியாது, இருபது வயசு வாக்குல தான் சீரியஸா கிட்டார் எடுத்தார், சார்லி கிறிஸ்டியன் சோலோ எல்லாத்தையும் காதால கேட்டே எடுத்தார், ராத்திரில சத்தம் வரக்கூடாதுன்னு பிக் (தந்தி மீட்டற சின்னத் தகடு) இல்லாம கட்டை விரலால வாசிச்சது தான் அவரோட அந்த மெத்துன்னு இருக்கிற டோன். 1959ல கேனன்பால் ஆடர்லி அந்த ஊருக்கு வந்தப்ப கேட்டுட்டு ரெக்கார்டு கம்பெனிக்குச் சொல்லி விட்டார், அப்ப வெஸ்ஸுக்கு 36 வயசு. 1968ல ஹார்ட் அட்டாக்ல போயிட்டார், 45 தான். பேரும் காசுமா வாழ்ந்தது ஒன்பது வருஷம் கூட முழுசா இல்ல.

பேஸ் வாசிச்ச சார்ல்ஸ் மிங்கஸ் போஸ்ட் ஆபீஸ்ல வேலை பாத்தார். சாக்ஸ் வாசிச்ச ஆர்னெட் கோல்மன் லாஸ் ஏஞ்சலஸ்ல லிஃப்ட் ஆபரேட்டர், கடைசில 2007ல புலிட்ஸர் பரிசு வாங்கினார். யூட்டா ஹிப்னு ஒரு ஜெர்மன் பியானிஸ்ட், ப்ளூ நோட் கம்பெனி 1956ல ஆல்பம் போட்டவங்க, கொஞ்ச காலத்துல மியூசிக்கே வேண்டாம்னு விட்டுட்டு நியூ யார்க்ல துணி ஃபாக்டரில ரிட்டயர் ஆகிற வரைக்கும் வேலை பாத்தாங்க. அவங்க ஆல்பத்துக்குச் சேர வேண்டிய ராயல்டியைக் குடுக்க ஆள் எங்கன்னு தெரியாம கம்பெனி ரொம்ப காலம் தேடுச்சு. ஹென்றி க்ரைம்ஸ் கதை இன்னும் மோசம், சோனி ராலின்ஸ், ஆல்பர்ட் அய்லர் கூடல்லாம் பேஸ் வாசிச்ச ஆள், 1960கள் கடைசில காணாமப் போனவர் செத்துட்டார்னே நினைச்சாங்க. 2002ல ஒரு ரசிகர் தேடிக் கண்டுபுடிச்சப்ப லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு சின்ன ரூம்ல இருந்தார், பேஸை என்னைக்கோ வித்தாச்சு, 1970லயே அய்லர் இறந்து போனது கூட அவருக்குத் தெரியாது. வில்லியம் பார்க்கர்ங்கற பேஸ் பிளேயர் தன்னோட பேஸ் ஒண்ணை அனுப்பி வெச்சார், மனுஷன் திரும்ப வந்து பல வருஷம் மேடைல வாசிச்சார்.

சம்பாதிக்கறது யாருன்னு பாத்தா, பாட்டு எழுதி பேரைப் பதிவு பண்ணினவங்க. சைடுமேனுக்கு அந்த செஷனுக்கான யூனியன் ரேட்டு மட்டும் தான், அதுக்கப்புறம் ரெக்கார்டு கோடிக்கணக்கா வித்தாலும் ஒண்ணும் வராது. டேவ் ப்ரூபெக் பேண்டுல இருந்த பால் டெஸ்மண்ட் எழுதின பாட்டு தான் 1959ல வந்த டேக் ஃபைவ், அவர் 1977ல சாகறப்ப ராயல்டியை ரெட் கிராஸுக்கு எழுதி வெச்சுட்டார், அவங்களுக்கு இன்னும் போய்ட்டிருக்கு. பீபாப்ங்கற வேகமான ஜாஸ் பாணியை வாசிச்ச பசங்க பழைய பாட்டோட கார்டு (சேந்து ஒலிக்கிற நோட்டுகள்) வரிசையை வெச்சுக்கிட்டு மேல புது மெலடி போட்டாங்களே, அதுலயும் ஒரு காசுக் கணக்கு இருக்கு, மெலடிக்குத் தான் ராயல்டி, கார்டுக்கு இல்ல. பார்க்கரோட கோ கோ அப்படித் தான், அடில ஓடறது செரோக்கீ பாட்டோட கார்டுகள். அவ்ளோ கெட்டிக்காரத்தனம் பண்ணின அதே பார்க்கர் தான் தனக்கு ஹெராயின் வித்த ஆளுக்கு ராயல்டில பாதியை எழுதிக் குடுத்தார்.

சைடுல ஒண்ணு, ஹென்றி ஜெரோம் பேண்டுல சாக்ஸ், கிளாரினெட் வாசிச்ச ஒரு பையன் இடைவேளைல பொருளாதாரப் புஸ்தகம் படிச்சுட்டு கூட வாசிக்கிறவங்களுக்கெல்லாம் வருமான வரிக் கணக்கு போட்டுக் குடுப்பானாம், அவன் தான் பின்னாடி அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் தலைவரான ஆலன் க்ரீன்ஸ்பான். ஜாஸை விட்டு உருப்பட்ட ஒரே ஆள்னு கிண்டலடிப்போம்.

இன்னிக்கு நிலைமைன்னா, முக்கால்வாசிப் பேருக்கு மாசச் சம்பளம் பாடம் சொல்லித் தர்றதுலேர்ந்து தான். மீதி கல்யாண கிக், தியேட்டர்ல மேடைக்குக் கீழ வாசிக்கிற வேலை, கப்பல் வேலை, அடுத்தவங்க பேண்டுல ஆள் வராதப்ப பதிலுக்குப் போறது, கோடைல ஐரோப்பா ஃபெஸ்டிவல் கிடைச்சா யோகம்.

மெல்பா_ரசிகை:

இவ்ளோ நேரமா ஆம்பளைங்க பேரா வருது. ஆர்ம்ஸ்ட்ராங்கைப் பத்தி சொன்னீங்களே, கிங் ஆலிவர் பேண்டுல பியானோ வாசிச்ச லில் ஹார்டின் யாருன்னு சொல்லலையே. ஃபிஸ்க் யுனிவர்சிட்டில படிச்சவங்க, ஆர்ம்ஸ்ட்ராங்கைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க, "நீ ரெண்டாவது ட்ரம்பெட்டா உக்காந்துட்டிருக்கிற ஆள் இல்ல"ங்கற ரீதில பிடிச்சுத் தள்ளினதே அவங்க தான். அந்தத் தள்ளல் இல்லாம 1924 நியூ யார்க் பயணம் நடந்திருக்குமான்னு சந்தேகம்.

மெல்பா லிஸ்டன், ட்ராம்போன், பிரமாதமா அரேஞ்ச்மென்ட் எழுதுவாங்க, நடுவுல இதெல்லாம் போதும்னு கல்வித் துறைல கிளார்க் வேலைக்கே போயிட்டாங்க. டிஸ்ஸி கில்லஸ்பி பேண்டுல சேந்தப்ப அங்க இருந்தவங்க எதுக்கு இந்தப் பொம்பளைன்னு முணுமுணுத்தாங்களாம், டிஸ்ஸி அவங்க எழுதின ஒரு அரேஞ்ச்மென்டை எடுத்து முன்னாடி வெச்சு வாசிங்கன்னார், ஒருத்தராலயும் ரெண்டு வரி தாண்ட முடியலை, அதோட வாய் மூடிக்கிச்சு. 1956ல அமெரிக்க கவர்மெண்ட் அனுப்பின டூர்ல அந்தப் பேண்டுல அவங்களும் போனாங்க.

இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்னு முழுக்கப் பொண்ணுங்க பேண்டு, மிஸிஸிப்பில ஒரு ஏழைப் பிள்ளைங்க ஸ்கூலுக்குப் பணம் திரட்ட ஆரம்பிச்சது. பின்னாடி வெள்ளைக்காரப் பொண்ணுங்களும் சேந்தப்ப தெற்கு மாநிலங்கள்ல போலீஸ் புடிக்கும்னு அவங்க முகத்துக்குக் கருப்பா மேக்கப் போட்டுக்கிட்டு வாசிக்க வேண்டியிருந்துச்சு.

போலீஸ்னதும் கேபரே கார்டு. 1940லேர்ந்து 1967 வரைக்கும் நியூ யார்க் கிளப்புல வேலை பாக்கணும்னா போலீஸ் குடுக்கற கார்டு வேணும், கேஸ் ஏதாவது விழுந்தா புடுங்கிடுவாங்க. பில்லி ஹாலிடேவுக்கு 1947ல ஜெயில், வெளிய வந்ததும் 1948ல கார்னகி ஹால் நிரம்பி வழியப் பாடினாங்க, ஆனா சாராயம் விக்கிற ஒரு சின்ன கிளப்புல பாட அனுமதி இல்ல. மங்க் 1951லேர்ந்து 1957 வரைக்கும் அவர் வளந்த ஊர் கிளப்புகள்லயே வாசிக்க முடியாமக் கிடந்தார். அந்த ஆறு வருஷத்தைப் பாத்துட்டு "சோம்பேறி, போதை, அதனால வாய்ப்பு இல்ல"ன்னு வாழ்க்கை வரலாறு எழுதற ஆளுங்களைக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ராத்திரி_கீபோர்டு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஹென்றி க்ரைம்ஸ் கதை படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடலை. ஒரே ஒரு கேள்வி மிச்சம், வேற படிப்பு படிச்சு வேற வேலைல இருந்துட்டு, அதுவும் பாட்டுக் குடும்பம் இல்லாம, உருப்படியா வாசிச்சவங்க யாராவது உண்டா? மேடை ஏறணும்னா நான் முதல்ல என்ன பண்ணணும்? (அட்வைஸ் வேண்டாம்னு நான் தான் சொன்னேன், வாபஸ்.)

பழைய_ரெக்கார்டு:

நம்ம விஜய் ஐயரே இருக்காரே. தமிழ் அப்பா அம்மாவுக்கு அமெரிக்காவுல 1971ல பொறந்தவர், மூணு வயசுலேர்ந்து வயலின், பியானோ மட்டும் வீட்ல இருந்ததுல தானா தட்டித் தட்டிக் கத்துக்கிட்டது. யேல்ல கணக்கும் இயற்பியலும், அப்புறம் இயற்பியல் டாக்டரேட்னு கலிஃபோர்னியா போயி, அங்க கிளப்புல வாசிச்சு ஸ்டீவ் கோல்மன் மாதிரி ஆளுங்க பழக்கமாகி, நடுவுல ரூட்டை மாத்தி இசையும் மூளையும் பத்தி ஆராய்ச்சி பண்ணி 1998ல முடிச்சார். 2013ல மெக்ஆர்தர் ஃபெலோஷிப், 2014லேர்ந்து ஹார்வர்டுல புரொஃபஸர். இன்னொருத்தர் டென்னி ஸைட்லின், மெடிக்கல் காலேஜ்ல படிக்கறப்பவே கொலம்பியா கம்பெனிக்கு ரெக்கார்டிங் பண்ணினவர், மனநல டாக்டராவும் பியானிஸ்டாவும் ரெண்டையும் விடாம ஓட்டிட்டார்.

ரைடு_சிம்பல்:

மேடை விஷயம் நான் சொல்றேன் ப்ரோ. ஒரு பத்து ஸ்டாண்டர்ட்ஸ் (எல்லாரும் வாசிக்கிற பழைய பாட்டுகள்) பேப்பர் இல்லாம வரணும், மெலடியும் கார்டும். முதல் தடவை ப்ளூஸ் கூப்பிடுங்க, எஃப்ல, மிதமான டெம்போ, ரெண்டு கோரஸ் (பாட்டோட கார்டு வரிசை முழுசா ஒரு சுத்து) சோலோ எடுத்துட்டு இறங்கிடுங்க, நல்லா போகுதேன்னு ஏழு கோரஸ் எடுக்கறவங்களைத் தான் யாருக்கும் புடிக்காது. கிளாஸிக்கல் கை உள்ளவங்க எல்லாரும் லெஃப்ட் ஹேண்டுல ரூட்டை (கார்டோட அடி நோட்டை) போட்டு இடிப்பாங்க, அந்த ஏரியா பேஸ் பிளேயரோடது, அங்க போய் நின்னா அவர் திரும்பி ஒரு பார்வை பாப்பார். பில் எவன்ஸ் வாசிக்கிற மாதிரி ரூட் இல்லாம மூணாவது ஏழாவது நோட்டை வெச்சு வாய்சிங் (கார்டு நோட்டுகளை அடுக்கற விதம்) பழகுங்க, எஃப் ப்ளூஸுக்கு மொத்தமே மூணு கார்டு ஷேப் போதும். எந்த கார்டுக்கு என்ன நோட்டுன்னு நாளைக்கு எழுதிப் போடறேன், இப்ப கிக்குக்குக் கிளம்பணும்.